மகளுக்குச் சடங்கு வைக்கவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்?

மில் கணக்கு (நீடாமங்கலம் பக்கம்):

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 38, அரிசி மில் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கணவர் சிங்கப்பூரில், வருடத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நான், மாமியார், எட்டாவது படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் பையன்.

மகள் ஐப்பசியில் வயதுக்கு வந்தாள். மாமியார் முறைப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று எல்லாம் செய்தார். அதில் யாருக்கும் சண்டை இல்லை. களியைப் பார்த்தால்தான் பிள்ளை ஓடுகிறாள். சிக்கல் அடுத்தது. தை மாதம் அறுவடை முடிந்து கையில் காசு வந்ததும் மன்னார்குடியில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா வைக்க வேண்டும் என்கிறார்கள். என் தம்பி திருவாரூரில் இருக்கிறான், தாய்மாமன் அவன்தான். 51 சீர்தட்டு, செண்டை மேளம், வாணவெடி என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சொல்லி வைத்துவிட்டான். போன வாரம் பிளக்ஸ் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். யாரோ ஒரு ராணி வேஷக்காரியின் உடம்பில் என் மகள் தலையை ஒட்டி, சிம்மாசனத்தில் உட்கார வைத்து, சுற்றிலும் நாற்பது சொந்தக்காரர்களின் பாஸ்போர்ட் போட்டோ. அவள் அதை ஒரு நிமிடம் பார்த்தாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா, இதை எங்க ஸ்கூல் பஸ் நிக்கிற எடத்துலயா வைப்பாங்க?"

அங்கேதான் வைப்பார்கள். ஊரில் பிளக்ஸ் வைக்க வேறு இடம் ஏது.

அவளுக்கு வேண்டாம். எனக்கும் வேண்டாம். ஆனால் மாமியார் மொய் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "போட்டதை எடுக்க வேணாமா?" என்கிறார். நான் கணக்கு எழுதுகிறவள், நானும் கூட்டிப் பார்த்தேன். 12 வருடத்தில் நாங்கள் போட்ட மொய் 1,86,500 ரூபாய். மண்டபம், 600 பேருக்குச் சாப்பாடு, போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்தால் செலவு 4 லட்சம் தாண்டுகிறது. போட்டதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பினாலும் இரண்டரை லட்சம் வந்தால் அதிகம். மீதிக்கு நகை அடகு. கூடவே புதிதாக வருகிற மொய் எல்லாம் நாளைக்கு நாங்கள் திருப்ப வேண்டியது. அதை வரவு என்று எழுதினால் மில்லில் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். கணவரிடம் சொன்னால், "அம்மா சொல்ற மாதிரி செஞ்சிடு, நான் இங்க இருந்துக்கிட்டு என்ன சொல்றது" என்கிறார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடம் முன்பு மில்லில் கூட வேலை பார்க்கிற அக்கா ஒருவர் மகளுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டார். அப்போது, "இவ்வளவு கஞ்சமா" என்று பேசியவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இவ்வளவு பயம் என்று நினைக்கிறேன். என்ன பேசுவார்கள் என்று எனக்கு வரி வரியாகத் தெரியும்.

யார் என்ன சொன்னாலும் நீ நீயாக இரு என்று போனில் வீடியோ வீடியோவாக வருகிறது. ராத்திரி கேட்டால் தைரியமாகத்தான் இருக்கிறது. காலையில் பால் வாங்கப் போனால், "எப்ப விசேஷம்?" என்று கேட்கிறார்கள், வாய் தானாக, "தையில" என்று சொல்லிவிடுகிறது. இந்த வாயை எப்படிக் கட்டுவது?


தென்னந்தோப்பு (பட்டுக்கோட்டை):

அக்கா, முதலில் மொய்யையும் மானத்தையும் பிரித்து வையுங்கள். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருப்பதால்தான் உங்கள் மாமியார் ஜெயிக்கிறார். மொய் கடன், அதைக் கேட்பதில் வெட்கமே இல்லை. எங்கள் பக்கம் பேராவூரணியிலும், அப்படியே தாண்டி கீரமங்கலம், வடகாடு வரைக்கும் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். காதுகுத்து இல்லை, கல்யாணம் இல்லை, பெண் பிள்ளை படத்தைத் தெருவில் மாட்டுகிற வேலை இல்லை. கிடா வெட்டிச் சோறு போட்டு, மொய் எழுதிக்கொண்டு போகிறார்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரே பந்தலில் சேர்ந்து வைத்தால் செலவு பங்காகிவிடும், மொய் எழுத மட்டும் ஆளுக்கொரு மேசை. உங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மொய் வாங்க ஒரு பிள்ளையை மணையில் உட்கார வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. வேறு ஏதாவது ஒரு நாளில் சாப்பாடு போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது ஊர்ப்பேச்சு. நான் 2016-ல் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டவன், பந்தி கிடையாது. "மொய்க்குப் பயந்தவன்" என்று டீக்கடையில் எனக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். இரண்டு வருடம் அந்தக் கடைப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் போனேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்ததே, தோப்பில் ஒரு மரம் மிச்சமில்லை, ஒன்று நேராக எங்கள் ஓட்டின் மேலேயே விழுந்தது. விடிந்ததும் அரிவாளோடு முதலில் வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? பட்டப்பெயர் வைத்தவர்தான். மரத்தை வெட்டிக்கொண்டே, "மொய்க்குப் பயந்தவனே, அந்தப் பக்கம் பிடி" என்றார். பேசினதும் அவர்தான், வந்ததும் அவர்தான். இதில் என்ன புரிந்துகொள்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் சுற்றுவழியில் போவதை விட்டுவிட்டேன்.


சோழமண்டலம்:

ஊர் என்ன சோறா போடுகிறது? நாலு பேர் என்ன நாலாயிரம் பேர் பேசினாலும் கவலைப்படாமல் போய்க்கொண்டே இருங்கள். யாருடைய அங்கீகாரமும் வேண்டாம். கும்பகோணத்து ராமானுஜன் ஊர் சொன்னதைக் கேட்டிருந்தால் ராமானுஜன் ஆகியிருப்பாரா? சிங்கம் தனியாகத்தான் போகும்.


கொழுந்து வெற்றிலை (கும்பகோணம்):

மேலே உள்ள சிங்கத்துக்கு: எங்கள் ஊர்க்காரரை இழுத்ததால் சொல்கிறேன். ராமானுஜன் யாரையும் கண்டுகொள்ளாமல் திரிந்தவர் இல்லை. கல்லூரியில் கணக்குத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகை போனதும், 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிப் போனவர். ஊர்ப்பேச்சு உறைக்காத மனிதர் செய்கிற காரியமா அது? 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. அந்த நாளில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர்கள் பேக்கருக்கும் ஹாப்ஸனுக்கும் எழுதினார், பலிக்கவில்லை. 1913 ஜனவரியில் மூன்றாவதாக அங்கேயே இருந்த ஹார்டிக்கு எழுதினார். அங்கீகாரம் வேண்டாம் என்று இருந்தவர் கடல் தாண்டி மூன்று பேருக்குக் கடிதம் போடுவாரா? கணக்குத் தெரிந்தவன் ஒருவன் இதைப் பார்த்து, "சரி" என்று சொல்ல மாட்டானா என்று தவித்திருக்கிறார்.

அதனால் மில் கணக்கு சகோதரி, யாருமே வேண்டாம் என்று உங்களால் இருக்க முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள், அப்படி யாரும் இருப்பதில்லை. பால் கடையில் நிற்கிறவருக்கு உங்கள் மகளைப் பற்றி என்ன தெரியும், அவர் சொல்லும் சரி எதற்கு ஆகும் என்று மட்டும் பாருங்கள். அவர் பாலைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.


டீச்சர் அக்கா (மயிலாடுதுறை):

எனக்கு 1996-ல் சடங்கு வைத்தார்கள், மணல்மேடு பக்கத்தில். அப்போது பிளக்ஸ் கிடையாது, குழாய் ஒலிபெருக்கிதான், வேப்பமரத்தில் இரண்டு கட்டியிருந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்த பாட்டு மூன்று ஊருக்குக் கேட்டது. எனக்குப் பன்னிரண்டரை வயது. கனமான பட்டுப்புடவை, தலையில் சவுரி, அதற்கு மேல் தாழம்பூ வைத்துப் பின்னிய சடை, கழுத்தைத் திருப்ப முடியாது. வீடியோக்காரர் விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. கண்ணை மூடினால், "பொண்ணு தூங்குது, சிரிக்கச் சொல்லுங்க" என்றார். ஆரத்தி எடுக்க வந்தவர்களில் என் வகுப்புப் பையனின் அம்மாவும் இருந்தார், பையன் பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தான். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது கடைசி பெஞ்சு மொத்தமும் வேப்பமரத்தில் ஓடிய அதே பாட்டை முணுமுணுத்தது. அரைப் பரீட்சை வரைக்கும் முணுமுணுத்தது.

இதைச் சொன்னதும், "அப்போ வேண்டாம் என்கிறீர்கள்" என்று முடிவுகட்ட வேண்டாம். அடுத்த வருடம் என் சித்தி மகள் வயதுக்கு வந்தாள். சித்தப்பாவுக்கு அந்த வருடம் சம்பா தண்ணீரில் போய்விட்டது, ஒன்றும் செய்யவில்லை. "எனக்கு மட்டும் ஏன் செய்யலை" என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிக் கண் கலங்குவாள். அவளுக்கு அந்தப் பாட்டு வேண்டியிருந்தது.

நான் கேட்பது வேறு. உங்கள் கேள்வியில் மாமியார், தம்பி, கணவர், பால் கடை எல்லாரும் பேசுகிறார்கள். பிள்ளை பேசியது ஒரு வரி. அவள் பிளக்ஸை வேண்டாம் என்றாளா, விழாவையே வேண்டாம் என்றாளா? ஊரை எதிர்த்து நிற்கிற அம்மா என்று பெயர் வாங்குவதற்கும் அந்தப் பிள்ளையை மணையில் உட்கார வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "வேணுமா வேணாமா" என்று கேட்காமல், "எதெது வேணும்" என்று கேட்டுப் பாருங்கள்.


மில் கணக்கு:

கோபமில்லை டீச்சர். ராத்திரி அந்த வரியைப் படித்துவிட்டு நிஜமாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காலையில் அவளிடம் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனவள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படியே எழுதுகிறேன்:

பட்டுப்பாவாடை வேணும், மாம்பழக் கலர். சித்தி பிள்ளைங்க எல்லாரும் வரணும், ராத்திரி தங்கணும். மாமா வரணும், ஆனா மேளம் வேணாம். மைக் வேணாம். போட்டோ வேணும், வீடியோ வேணாம். மண்டபம் வேணாம். தமிழ் மிஸ் வந்தா பரவாயில்ல. பசங்க யாரும் வேணாம். பிளக்ஸ் வேணாம் வேணாம் வேணாம்.

கடைசி மூன்று வேணாமுக்கும் அடிக்கோடு போட்டிருந்தாள். எதுவுமே வேண்டாம் என்று சொல்லப் போகிறாள், அவளுக்காக நான் போராடப் போகிறேன் என்று மனதுக்குள் ஏதேதோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். மாம்பழக் கலர் பாவாடை வேண்டும் என்கிறாள்.


கடைமடைக்காரன் (திருத்துறைப்பூண்டி):

அம்மா, எனக்கு 61 வயது. சடங்கு விஷயத்தில் பேச எனக்குத் தகுதியில்லை, எனக்கு இரண்டும் பையன்கள். நாலு பேருக்கு மாறாக நடந்து பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு ஒன்பது மா நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர். மேட்டூரைத் திறந்து கல்லணை வழியாக எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது தண்ணீர் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கும், அதுதான் கடைமடை. என் வயலுக்குத் தனி மடையும் கிடையாது. மேலவயல்காரர் தன் வரப்பை வெட்டிவிட்டால்தான் எனக்குத் தண்ணீர். அதனால் ஊர் வேண்டாம், நாலு பேர் வேண்டாம் என்று வசனம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர்களுக்கெல்லாம் தண்ணீர் குழாயில் வருகிறது போலிருக்கிறது.

2014-ல் ஊரே சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தைப் போட்டபோது நான் மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல்லைப் போட்டேன். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுப்பார்கள், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விதைக்கு விதை வைத்த மொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வாங்கிப் பெருக்கியதுதான். யூரியா இல்லை, மருந்து இல்லை. பயிர் நெஞ்சுயரத்துக்கு வளர்ந்தது. "அண்ணன் நெல்லு வளக்குறாரா, நாணல் வளக்குறாரா?" என்று வரப்பில் போகிறவன் எல்லாம் கேட்டான். நான் சிரித்துக்கொண்டே போய்விடுவேன். ஊர் சொன்னதைக் காதில் வாங்காத ஆள் என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை.

கார்த்திகை மழையில் பயிர் சாய ஆரம்பித்தது. மேலவயல்காரர் வந்து, "நாலஞ்சு குத்தாச் சேத்து முடிஞ்சு கட்டுங்க, ஆள் நான் அனுப்புறேன்" என்றார். நான் கேட்கவில்லை. அவர் யூரியாக்காரர், அவருக்கு என்ன தெரியும் என்ற எண்ணம். அப்போது எனக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது, எல்லாரும் பாரம்பரிய நெல் போடுகிறவர்கள், பாதிப்பேர் நகரத்துக்காரர்கள். தினமும் காலையில் பயிரைப் படமெடுத்துப் போடுவேன், கட்டைவிரல் கட்டைவிரலாக வந்து விழும். சாய்ந்த படத்தைப் போட்டேன். "இயற்கை தானே நிமிர்த்தும் ஐயா" என்று ஒருவர் எழுதினார், அதற்கு இருபது கட்டைவிரல். அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த மழையில் நெல் தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டது. மூன்று மாவில் ஒன்றும் தேறவில்லை.

மேலவயல்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொல்ல வந்ததும் அதுதான். ஊர்க்காரன் மெச்ச வேண்டும் என்பதை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், விடவே இல்லை, மெச்சுகிற ஆளை மட்டும் மாற்றியிருக்கிறேன். அது தெரிய எனக்கு மூன்று மா நெல் ஆனது.

இப்போதும் மாப்பிள்ளைச் சம்பாதான் போடுகிறேன், மூன்று மாவில் மட்டும், வீட்டுக்கும் தெரிந்தவர்களுக்கும். கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே விலைதான், நம் நெல்லின் பெருமை அங்கே எடுபடாது, நாமேதான் விற்க வேண்டும். மீதி ஆறு மாவில் ஊர் போடுவதைப் போடுகிறேன். குழுவில் இருந்து வெளியேறவில்லை, படம் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். பயிர் சாய்ந்தால் மேலவயல்காரரைத்தான் கூப்பிடுகிறேன். அவர் வீட்டில் இப்போது சாப்பிடுவது என் அரிசி, ஆனால் வயலில் போட மாட்டேன் என்கிறார். சரி, அது அவர் பாடு.


உளவியல் மூன்றாமாண்டு (தஞ்சாவூர்):

பெரியவர்கள் பேசும் இடத்தில் நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், படித்ததில் உருப்படியாக நினைவில் நிற்பது இது. சாலமன் ஆஷ் என்று ஒருவர் 1951-ல் அமெரிக்காவில் செய்த சோதனை. சில கோடுகளைக் காட்டி எது எதற்குச் சமம் என்று கேட்பார்கள், குழந்தைக்கும் தெரிகிற விடை. அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர்தான் நிஜமாகச் சோதிக்கப்படுகிறவர், மற்றவர்கள் எல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்ட ஆட்கள், வேண்டுமென்றே ஒரே தப்பான விடையைச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு, நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்பான விடையையே தாங்களும் சொன்னார்கள். கண்ணுக்கு நேராகக் கோடு இருக்கும்போதே! அப்படியிருக்க, பால் கடையில் அக்கா வாய் "தையில" என்றதில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது இதற்கடுத்தது. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்ல வைத்தார்கள். அவ்வளவுதான், கூட்டத்துக்கு ஒத்துப்போவது பெருமளவு குறைந்துவிட்டது. பத்துப் பேர் தேவையில்லை, ஒரு ஆள் போதும். அக்கா, உங்கள் வீட்டில் அந்த ஒரு ஆள் யார்? மாமியாரைப் பிடிக்க முடியாது, கணவர் தூரத்தில். எனக்கென்னவோ உங்கள் தம்பிதான் என்று தோன்றுகிறது. 51 தட்டு வைக்கிறவரே வேண்டாம் என்று சொன்னால் அதற்குமேல் யார் பேச முடியும்?


சோழமண்டலம்:

தம்பி, அமெரிக்காக்காரன் கோடு போட்டுக் கண்டுபிடித்ததை எங்கள் ஆத்தா தோசைக் கரண்டியோடு சொல்லுவாள். ஆனாலும் தாய்மாமனைப் பிடி என்பது சரியான யோசனை. சிங்கம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


மில் கணக்கு:

தை பாதி ஆகிவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டு மூன்று பேர் செய்தி அனுப்பியிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

மார்கழியிலேயே தம்பியிடம் பேசிவிட்டேன். போனில் பேசினால் கத்துவான் என்று நேராகத் திருவாரூருக்கே போனேன். ரஃப் நோட்டுத் தாளையும் எடுத்துப்போனேன். படித்தான், சிரித்தான், அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. போன வருடம் அவன் மச்சான் தன் தங்கை மகளுக்கு 31 தட்டு வைத்தாராம். மாமனார் வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த 31 தட்டு வருமாம். அங்கே வாய் தவறி, "நான் 51 வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டானாம். "அக்கா, குறைச்சா அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றான். அந்த ராணி வேஷம், செண்டை, வெடி எதுவும் என் மகளுக்காக இல்லை, எனக்காகவும் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நான் பால் கடையில், "தையில" என்றதும் இவன் மாமனார் வீட்டில், "51" என்றதும் ஒன்றுதானே.

கடைசியில் 11 தட்டு. அதில் ஒன்று முழுக்க மாம்பழக் கலர் பாவாடையும் அதற்குத் தோதான வளையலும், தம்பி பெண்டாட்டி எடுத்தது. மாமனார் வீட்டில் என்ன சொல்வாய் என்று கேட்டேன், "எங்க அக்கா ஒரு மாதிரி, அவகிட்ட பேச முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றான். பழி என்மேல். பரவாயில்லை, தம்பிக்கு அந்த அளவுக்குச் சீர் செய்யலாம்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே பந்தல், 60 பேர், மைக் இல்லை. சித்தி பிள்ளைகள் ராத்திரி தங்கி ஒரு மணிவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கணவர் வீடியோ காலில் வந்தார், பிள்ளையைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு சிக்னல் போய்விட்டது. தமிழ் மிஸ் வந்தார். மில்லில் நான் கஞ்சம் என்று பேசிய அந்த அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். வந்து சாப்பிட்டார். பழைய பேச்சைப் பற்றி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், ரசம் கேட்டார், ஊற்றினேன்.

பால் கடையில், "வீட்டோட முடிச்சிட்டோம்" என்று சொன்னேன். "ஓ" என்றார்கள். அந்த "ஓ" இரண்டு நாள் தூங்கவிடவில்லை, அதை மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் அங்கே வேறு யாருடைய வீட்டுக் கதையோ ஓடிக்கொண்டிருந்தது. நானும் நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மாமியார் இன்னும் மொய் நோட்டைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறார். பட்டுக்கோட்டைத் தம்பி சொன்ன மொய் விருந்து யோசனையைச் சொன்னேன், "அது அந்தப் பக்கத்து வழக்கம்" என்று தள்ளிவிட்டார். ஆனால் பேரனுக்கு இன்னும் காது குத்தவில்லை என்று அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்திருக்கிறது. பையனைக் கேட்டேன், கிடா வெட்டுவதாக இருந்தால் காது குத்திக்கொள்கிறேன் என்கிறான்.

பிளக்ஸ் மட்டும் தப்பவில்லை. நான் திருவாரூர் போவதற்கு முந்தின நாளே அச்சடித்துவிட்டார்கள், பணமும் கொடுத்தாயிற்று. பத்துக்கு எட்டு. தம்பி சுருட்டி வண்டியில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். இப்போது மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வைக்கோல் கட்டுகளின் மேல் போட்டிருக்கிறோம், படம் உள்பக்கம். போட்டது மாமியார்தான். நாலு மூலைக்கும் செங்கல் வைத்துவிட்டு, "இன்னொன்னு இருந்தா விறகையும் மூடிடலாம்" என்றார்.